ரோட்டைத் தாண்டிப் போய் அழைத்தது

யாராவது "வாங்க" என்று சொன்னால் போய்விடுகிற ரகம் நான். அதில் தப்பு இருக்கிறது என்று முப்பத்தாறு வயது வரை எனக்கு யாரும் சொன்னதில்லை. ஆத்தூரில் என் அப்பாவும் அம்மாவும் அப்படித்தான். கூப்பிட்டால் போவார்கள், கூப்பிடாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். இரண்டுக்கும் நடுவில் இன்னொன்று இருக்கிறது என்பது திருச்செங்கோட்டுக்குக் குடிவந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்ட விதத்தை இப்போது சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

கணவருக்குக் கோழிப்பண்ணைகளுக்கு மருந்து விற்கும் வேலை. நாமக்கல் சுற்றுவட்டாரம் முழுக்க அலைய வேண்டும். எனக்கு இங்கே ஒரு பொறியியல் கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கும் வேலை கிடைத்ததும் மகளோடு வந்து சேர்ந்தோம். அவளுக்கு அப்போது எட்டு வயது. மாடியில் நாங்கள், கீழே வீட்டுக்காரர்கள். எதிர் வீட்டில் ஓர் அக்கா, என்னைவிட இரண்டு மூன்று வயது கூடுதலாக இருக்கும். அவருடைய கணவர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி வைத்திருந்தார். வடக்கே போர் போடப் போனால் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். அவர்களுக்கும் என் மகள் வயதில் ஒரு பெண். இரண்டு பேரும் ஒரே பள்ளி வேனில் போவார்கள்.

வந்து இரண்டு மாதம் ஆகியும் எனக்கு இந்த ஊரில் பேச ஆள் கிடைக்கவில்லை. கல்லூரியில் எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் மணி அடித்ததும் பாதிப் பேர் ஈரோடு பஸ்ஸுக்கு ஓடுவார்கள், பாதிப் பேர் சேலம் பஸ்ஸுக்கு ஓடுவார்கள். கணவர் பண்ணை பண்ணையாகச் சுற்றிவிட்டு வந்து, சாப்பிட்ட தட்டின் முன்னாலேயே கண் சொருகுவார். நான் தள்ளுவண்டிக் காய்கறிக்காரரிடம் தேவைக்கு மேல் பேச ஆரம்பித்திருந்தேன். அவரும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள், "டீச்சர், அடுத்த தெருவுக்குப் போகோணுமுங்க" என்று சொல்லிவிட்டார்.

அப்படி இருந்தபோதுதான் எதிர் வீட்டு அக்காவும் அவருடைய மாமியாரும் ஒரு சாயங்காலம் எங்கள் கீழ் வீட்டுக்கு வந்தார்கள். கையில் தட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமச் சிமிழ். வீட்டுக்கார அம்மாவுக்கு முன்னால் தட்டை நீட்டி, குங்குமம் எடுத்துக்கொள்ளச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்துவிட வேண்டும் என்று முறையாகச் சொன்னார்கள். அந்த நேரம் பார்த்து நான் குப்பை வாளியோடு படியிறங்கி வந்தேன். எதிர் வீட்டு அக்கா என்னைப் பார்த்துச் சிரித்து, "டீச்சர், நீங்களும் வந்துருங்க" என்றார். தட்டை என் பக்கம் நீட்டவில்லை. இரண்டு கையிலும் வாளி இருந்ததால் நீட்டவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எனக்கு ஒரே சந்தோஷம். என்ன விசேஷம் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. மகள்தான் வேனில் விசாரித்துவிட்டு வந்து, "அந்தப் பாப்பா வீட்ல ஃபங்ஷனாம்மா, பலூன்லாம் வாங்கியிருக்காங்களாம்" என்றாள். அப்படியானால் பிறந்தநாள்தான் என்று அம்மாவும் மகளும் சேர்ந்து முடிவு செய்தோம். சனிக்கிழமை கடைவீதிக்குப் போய், அடுக்கி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகள் ஒரு பெரிய பெட்டி வாங்கி, மினுமினு தாளில் சுற்றி, ரிப்பன் கட்டினோம்.

ஞாயிற்றுக்கிழமை பட்டுப்புடவையில் நானும், குடை போல விரிந்த கவுனில் மகளும் எதிர் வீட்டுக்குள் நுழைந்தோம். கூடத்தில் பாய் விரித்து, கை நிறைய வளையலோடு ஒரு கர்ப்பிணிப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் எதிர் வீட்டு அக்காவின் கொழுந்தனார் மனைவி. அன்றைக்கு அவளுக்குக் கட்டுச்சோறு. பிறந்த வீட்டார் எலுமிச்சைச் சோறும் புளிச்சோறும் தயிர்ச்சோறுமாகத் தூக்குத் தூக்காகக் கொண்டுவந்து விருந்து வைத்து, மகளைப் பிரசவத்துக்கு அழைத்துக்கொண்டு போகிற நாள். சொந்தபந்தமும் ரொம்ப நாள் பழகியவர்களும் மட்டும் கூடுகிற விசேஷம். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ரிப்பன் கட்டிய பெட்டியோடு நான் நின்றேன்.

பக்கத்தில் இருந்த ஓர் அம்மா இடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, "பொண்ணு ஊட்டுப் பக்கமுங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப மாப்ள பக்கமுங்களா?" அதுவும் இல்லை என்றேன். "எதிர் வீட்டு மாடிங்க" என்றதும் அவர், "அட, அப்படீங்களா" என்று சொல்லிவிட்டு அடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல் புடவைத் தலைப்பைச் சரிசெய்தார். அந்த அமைதியில் என் மகள் கணீரென்று கேட்டாள். "அம்மா, கேக் எங்கம்மா?"

கூடமே சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. யாரோ, "வா சாமி, சோறு திங்கலாம்" என்று அவளைத் தூக்கிக்கொண்டார்கள். எதிர் வீட்டு அக்கா வியர்வை வழியும் முகத்தோடு ஓடிவந்து, பெட்டியை வாங்கிக்கொண்டு, "எதுக்குங்க டீச்சர் இதெல்லாம்" என்று சொல்லி இலை போட்டு உட்கார வைத்தார். ஏழு வகைச் சோறும் என் இலையில் விழுந்தன. பேருக்குப் பிசைந்துவிட்டு எழுந்தேன். கை கழுவியதும் மகளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

படியேறும்போது வீட்டுக்கார அம்மா அவர் பங்குக்கு, "டீச்சர், அது சும்மா மொறைக்குச் சொல்றதுங்க. எதுக்கால நிக்கிறவங்கள உட்டுப்போட்டு ஒருத்தர மட்டும் கூப்புட்டா நல்லா இருக்காதில்லீங்களா?" என்று ஆறுதல் போலச் சொன்னார். அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

எனக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம். இனிமேல் தட்டை நீட்டிக் குங்குமம் கொடுத்துக் கூப்பிடாத எந்த வீட்டு வாசலையும் மிதிப்பதில்லை என்று முடிவெடுத்தேன். கல்லூரியில் ஒருவர் வீடு குடிபோனார், டிபார்ட்மென்ட் முழுக்கச் சேர்த்து "எல்லாரும் வந்துருங்க" என்றார். நான் போகவில்லை. இன்னொருவர் மகனுக்குக் காதுகுத்து. அதற்கும் போகவில்லை. காலையில் ஸ்கூட்டரைக் கிளப்புவதற்கு முன்னால் எதிர் வீட்டு வாசலில் ஆள் இருக்கிறதா என்று மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பேன். இருந்தால் இரண்டு நிமிடம் கழித்து இறங்குவேன். அந்த அக்கா எதிரே வந்துவிட்டால் செல்போனைக் காதில் வைத்துக்கொள்வேன். அந்தப் பக்கம் யாரும் இல்லாத போனில் எத்தனை தடவை "சரிங்க சார், சரிங்க சார்" என்று சொல்லியிருக்கிறேன்! மகளிடமும், "அந்தப் பாப்பாகிட்ட பேசணும்னா கேட்டோட நின்னு பேசிட்டு வந்துடு" என்று சொல்லி வைத்தேன். அவள் ஏன் என்று கேட்டதற்கு, படிக்க வேண்டும் என்று ஒரு பதிலைச் சொன்னேன்.

இப்படி ஐந்து மாதம் போனது. தையில் மகளுக்கு ஒன்பதாவது பிறந்தநாள் வந்தது. புது ஊரில் முதல் பிறந்தநாள், நன்றாகச் செய்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. அவளுக்கு இங்கே ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டால் எனக்கும் சேர்ந்துவிடும் என்று உள்ளூர ஒரு கணக்கும் இருந்தது. யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டதும் நோட்டில் எழுதிக் கொடுத்தாள். முதல் பெயர் எதிர் வீட்டுப் பாப்பா.

செல்போனில் பூனைப் படம் போட்டு அழகாக ஓர் அழைப்பிதழ் செய்தேன். வகுப்பு அம்மாக்களுக்கும் கல்லூரிக்காரர்களுக்கும் வாட்ஸப்பில் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் கைகூப்பிய படங்களும் பலூன் படங்களும் வந்து குவிந்தன. "கண்டிப்பா வாரேனுங்க", "குடும்பத்தோட வாரோமுங்க டீச்சர்." எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இருபத்தைந்து நாற்காலிக்குச் சொன்னேன். சமோசாவுக்குச் சொன்னேன்.

எதிர் வீட்டு அக்காவின் நம்பர் என்னிடம் இல்லை. அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் ரோட்டைத் தாண்டிப் போக வேண்டும். எங்கள் ரோட்டின் அகலம் மிஞ்சினால் பதினெட்டு அடி இருக்கும். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று ஒரு வாரத்தை ஓட்டினேன். போய் நின்றால் அந்த ரிப்பன் பெட்டி அவருக்கு ஞாபகம் வரும், மனசுக்குள் சிரிப்பார் என்று எனக்குத் தோன்றியது. மகள் தினமும் கேட்டாள். "அந்தப் பாப்பா வீட்ல சொல்லிட்டியாம்மா?" வியாழக்கிழமை, "சொல்லியாச்சு" என்று சொல்லிவிட்டேன். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் பொய். இதை எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது.

சனிக்கிழமை ஐந்தரைக்கு மொட்டை மாடியில் எல்லாம் தயார். கேக் மேஜையில் இருந்தது. பலூன்கள் காற்றில் ஒன்றோடொன்று உரசிக் கீச்சிட்டன. ஆறு மணிக்கு வீட்டுக்காரரும் அவர் மனைவியும் ஏறி வந்தார்கள். ஆறேகாலுக்கு வேறு யாரும் வரவில்லை. ஆறரைக்கும் வரவில்லை. போனில் மட்டும் வாழ்த்துகள் வந்துகொண்டே இருந்தன. கணவர், "டிராஃபிக்கா இருக்கும்" என்றார். எங்கள் தெருவில் ரிக் வண்டி திரும்பினால்தான் டிராஃபிக், அன்றைக்கு அதுவும் இல்லை.

மகள் கைப்பிடிச் சுவரோரம் போய் நின்று எதிர் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி என்னிடம் வந்தாள். "யாரும் வராட்டிப் பரவால்லம்மா. அந்தப் பாப்பா மட்டும் ஏன் வரல? நீ சொன்னேன்னு சொன்னியே?"

"சொல்லல" என்றேன். "நான் சொல்லல கண்ணு. அம்மா பொய் சொல்லிட்டேன்."

அவள் அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். அழவில்லை. ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்து கவுனின் லேஸை நோண்ட ஆரம்பித்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது. ஒரு விசேஷத்துக்குப் போய் அசடு வழிந்ததற்காக ஐந்து மாதம் முறைத்துக்கொண்டு நின்று, என் பிள்ளைக்கு இருந்த ஒரே சிநேகிதத்தையும் பிடுங்கிவிட்டேன் என்பது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது.

படியில் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் எதிர் வீட்டு அக்கா. பக்கத்தில் தலை நிறையப் பூவும் புதுச் சட்டையுமாக அவருடைய பெண். மூச்சு வாங்க மேலே வந்து நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏனுங்க டீச்சர், எங்கூட்டுக்கும் உங்கூட்டுக்கும் நடுவால ஆறா ஓடுது?"

அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"என்ற புள்ள ஒரு வாரமா இந்தச் சட்டைய எடுத்து வெச்சுட்டு உக்காந்துருக்குது. இன்னைக்கு வருவாங்க, நாளைக்கு வருவாங்கன்னு நானும் வாசலப் பாத்துட்டே இருந்தேனுங்க. காத்தால சேரு எறங்குது, மத்தியானம் கேக்கு வருது, நீங்க மட்டும் வரக் காணோம். சித்த முன்னால இவ அழுக ஆரம்பிச்சுட்டா. என்ன ஆனாலும் ஆவட்டும்னு கெளம்பி வந்துட்டேன்."

"தப்புதாங்க்கா" என்றேன்.

"தப்பு சரியெல்லாம் அப்பறம் பேசிக்கலாமுங்க. மத்த சனமெல்லாம் எங்க?"

போனை நீட்டினேன். அவர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "இதுலயா கூப்புட்டீங்க?"

"எல்லாரும் கண்டிப்பா வரேன்னு போட்டிருக்காங்க்கா."

"வேற என்னங்க போடுவாங்க? வரமாட்டேன்னு மூஞ்சிக்கு நேரா யாராச்சும் சொல்லுவாங்களா? ஊரோட சேத்துப் போன்ல அனுப்பிச்சா, நம்மளத்தான் கூப்புட்டாங்களா, இல்ல சும்மா தகவலுக்குப் போட்டாங்களான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? வந்து நின்னதுக்கப்பறம் நீங்க முழிச்சா அவங்களுக்கு அசிங்கமில்லீங்களா?"

நான் எந்த வெட்கத்தில் ஐந்து மாதம் ஒளிந்தேனோ, அதே வெட்கத்துக்குப் பயந்துதான் இந்த ஊரே வீட்டில் உட்கார்ந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கண்ணில் தண்ணீரும் இருந்தது.

"சிரிச்சது போதும். தட்டு இருக்குதுங்களா? குங்குமம்? எடுங்க, போலாம்."

"இப்பவா?"

"பின்ன, கேக்கு ஊசிப்போனதுக்கு அப்பறமா?"

இரண்டு பிள்ளைகளையும் கேக்குக்குக் காவல் வைத்துவிட்டு நாங்கள் இறங்கினோம். ஆரம்பித்து ஒரு மணி நேரமான விழாவுக்கு வீடு வீடாக அழைப்பு வைத்தது இந்தத் தெருவில் நாங்கள் இருவராகத்தான் இருக்கும். தையற்கடை வைத்திருப்பவர் வீடு, லாரி பட்டறைக்காரர் வீடு, வேன் டிரைவர் வீடு. ஒவ்வொரு வாசலிலும் அக்கா, "டீச்சரு புள்ளைக்குப் பொறந்தநாளுங்க, கூப்புட வந்துருக்கறோம்" என்பார். நான் தட்டை நீட்டுவேன். "எப்பங்க?" என்று கேட்பார்கள். "இப்பத்தானுங்க, அப்படியே வாங்க" என்றதும் அடுப்பை அணைக்க ஓடுவார்கள். பிள்ளைகள் வீட்டுச் சட்டையோடு எங்களுக்கு முன்னால் ஓடினார்கள்.

அடுத்த தெருவில் என் மகளின் வகுப்பில் படிக்கும் ஒரு பையன் வீடு இருந்தது. கதவைத் தட்டினால், அவன் தலைசீவிப் பவுடர் போட்டுச் சோபாவில் உட்கார்ந்திருக்கிறான். மேஜையில் தாள் சுற்றிய பரிசு. அவனுடைய அம்மா தட்டைப் பார்த்ததும், "அப்பாடா" என்று சொல்லிவிட்டார். "போலாமா வேண்டாமான்னு அஞ்சு மணியில இருந்து இவரோட சண்டைங்க. வாரேன்னு நான்தான் அனுப்புனேன். ஆனா ஒரு வார்த்த நேர்ல சொல்லலியேன்னு இவரு சொல்றாரு." உள்ளே அவருடைய கணவர் சட்டைப் பொத்தான் போட ஆரம்பித்திருந்தார்.

திரும்பி வந்தபோது ஏழு மணி தாண்டிவிட்டது. மாடியில் நாற்காலி போதவில்லை. சமோசா ஆறிப்போயிருந்தது, ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. என் மகள் கேக்கை வெட்டி முதல் துண்டை எதிர் வீட்டுப் பாப்பாவுக்கு ஊட்டினாள். இரண்டாவதை எனக்கு ஊட்ட வந்தபோது, "கோபமா?" என்று காதில் கேட்டேன். "கொஞ்சம்" என்றாள். பிறகு க்ரீமை என் மூக்கில் தடவிவிட்டு ஓடினாள்.

எதிர் வீட்டு அக்கா கடைசிவரை பரிமாறிக்கொண்டே இருந்தார். எல்லோரும் போன பிறகு நாற்காலியையும் அடுக்கிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு, "வாரேனுங்க டீச்சர்" என்று படியிறங்கினார். நான் அவருக்கு ஒழுங்காக நன்றி சொல்லவில்லை. அதைவிட முக்கியமான ஒன்றையும் சொல்லவில்லை. பிள்ளைக்கு ஆள் சேர்ந்துவிட்டது, எனக்கு இன்னும் இல்லை. அதை விட்டுவிட்டால் திங்கட்கிழமை மறுபடியும் அவரவர் வாசல், அவரவர் வேலை என்று ஆகிவிடும் என்று பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, தட்டில் வெற்றிலை பாக்கும் குங்குமமும் எடுத்து வைத்தேன். கணவரையும் எழுப்பினேன். தம்பதியாகப் போய் அழைப்பதுதான் மரியாதை என்று முந்தின நாள் தெருவில் நடந்தபோது அக்கா சொல்லியிருந்தார். கணவர் சட்டையை மாட்டிக்கொண்டே, "இப்ப என்ன விசேஷம் நம்ம வீட்ல?" என்று கேட்டார். "பேசாம வாங்க" என்றேன்.

எதிர் வீட்டு அக்கா வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். தட்டைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி, "வாங்க வாங்க" என்று உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். "என்னங்க விசேசம்? ஊடு ஏதாச்சும் வாங்கிட்டீங்களா?"

"விசேஷம் ஒண்ணும் இல்லைங்க்கா. மத்தியானம் எங்க வீட்டுக்குச் சாப்பிட வரணும். சாம்பாரும் ரசமும்தான்."

"அதுக்கா தட்டு?"

"எனக்கு இந்த ஊர்ல ஒரு சிநேகிதி வேணும்க்கா. அதுக்குத்தான் கூப்பிட வந்தேன்."

சொல்லி முடித்ததும் எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. என் கணவர் சுவரில் இருந்த காலண்டரை வெகு கவனமாகப் படித்தார். அக்கா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கூட்டுக்கு நெறையப் பத்திரிக்க வருமுங்க" என்றார் பிறகு. "எல்லாத்துலயும் எங்கூட்டுக்காரரு பேருதான். அவரு ராஜஸ்தான்ல இருப்பாரு. ஊட்டுச் சார்பா நான் போயி உக்காந்துட்டு வருவேன். கட்டுச்சோத்தன்னைக்கு அத்தன சனம் வந்துச்சே, ஒருத்தராச்சும் என்னையப் பாக்க வந்தாங்களா? நீங்க ஒருத்தர்தான் என்ற மொகத்துக்காக வந்தீங்க. நின்னு ரெண்டு வார்த்த பேசலாம்னா அதுக்குள்ள ஓடிட்டீங்க. அன்னையில இருந்து எப்பப் பாத்தாலும் போன்லயே பேசிட்டுப் போறீங்க."

அந்தப் போனில் யாரும் இல்லை என்று அவரிடம் சொன்னேன். எனக்கு அவமானமாக இருந்தது, சொன்ன பிறகு பெரிய நிம்மதியாகவும் இருந்தது. அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு குங்குமத்தைத் தொட்டு எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார்.

"எனக்குன்னு வந்து கூப்புட்டது இதுதானுங்க மொதல்" என்றார். "எத்தன மணிக்கு வரோணும்?"

பன்னிரண்டரைக்கு என்றேன். பத்தரை மணிக்கே வந்துவிட்டார். நான் இன்னும் வெங்காயம்கூட உரித்திருக்கவில்லை. ஒரு வார்த்தை கேட்காமல் முறத்தை இழுத்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, "ம், சொல்லுங்க" என்றார்.